கடல்நீர் மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்குமுன்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஏதேனும் ஒன்றில் நுழைந்து, "கடல் மீன் வளர்க்கலாம் என்றிருக்கிறேன், என்ன ஃபில்டர் போடலாம்?" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "தொட்டி எத்தனை அடி சார்?" என்பதாகத்தான் இருக்கும். நன்னீர்த் தொட்டிக்கு அந்த ஒரு கேள்வி ஏறக்குறையப் போதுமானது. கடல்நீர்த் தொட்டிக்கோ அதற்கு முன்பே கேட்டாக வேண்டியவை மூன்று உள்ளன: எந்தெந்த மீன்களை எத்தனை எண்ணிக்கையில் வளர்க்கப் போகிறீர்கள், வீட்டுக்கு எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது, மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் நிற்கிறது. இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கிய கருவிகள்தாம் பல வீடுகளின் பரண்களில் உப்புப் பூத்துக் கிடக்கின்றன. என் வீட்டுப் பரணிலும் இரண்டு உண்டு.

கணக்குகள் தெளிவாக இருப்பதற்காக, இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே தொட்டியை வைத்துக்கொள்வோம். நீளம் 90 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ., அதாவது கடைமொழியில் மூன்றடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 182 லிட்டர் பிடிக்கும். பாறையும் மணலும் இட்ட பிறகு உண்மையில் நிற்கும் நீர் சுமார் 150 லிட்டர். அதில் ஒரு சோடி க்ளவுன் மீன், ஒரு கோபி, ஒரு ஃபயர் ஃபிஷ், ஓர் இறால் என்பது தொடக்கநிலையாளர் ஒருவருக்கு நியாயமான குடும்பம். இதைவிடச் சிறிய தொட்டி எளிது என்று தோன்றும். ஆனால் நீரின் அளவு குறையக் குறைய, ஒரு சிறு தவறுகூட உடனே மீனின் மேல் விழும்.

உப்பு நீரில் என்ன மாறுகிறது

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தச் சுழற்சி நன்னீரிலும் கடல்நீரிலும் ஒன்றுதான். வேறுபாடு நஞ்சின் கடுமையில் இருக்கிறது. நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதி மட்டுமே மீனின் செவுளை ஊடுருவிக் கொல்லும் வடிவில் இருக்கும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் pH எண் உயர உயர, அந்தப் பகுதி கூடும். pH 7 உள்ள நன்னீரில் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது; pH 8.2 உள்ள கடல்நீரில், நம் ஊர் வெப்பத்தில், அது ஏழெட்டு சதவீதத்தை எட்டுகிறது. ஆகவே நன்னீர்த் தொட்டி தாங்கிக்கொண்ட அதே அம்மோனியா அளவு இங்கே ஏறத்தாழப் பத்து மடங்கு ஆபத்தானது.

அடுத்தது ஆக்சிஜன். உப்பு நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே கரைத்துக்கொள்ளும். 28 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் வைத்துக்கொள்ளும்போது, கடல்நீரால் 6.4 மில்லிகிராம்தான் முடியும். எனவே நாம் தேர்ந்தெடுக்கும் கருவிகள் முதலில் பாக்டீரியாவுக்கு நல்ல குடியிருப்பைத் தர வேண்டும், அடுத்ததாக நீரையும் காற்றையும் நன்றாகக் கலக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடிப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. கடையில் விற்கும் பெட்டிகளோ இந்த மூன்றாவது வேலையைத்தான் பெரிதாக விளம்பரப்படுத்துகின்றன.

முதல் படி: தண்ணீரைச் சரிசெய்யும் கருவி

தொட்டிக்குள் போகும் எந்த ஃபில்டரையும்விட முன்னதாக வாங்க வேண்டியது, தொட்டிக்கு வெளியே நின்று வேலை செய்யும் ஆர்.ஓ. கருவி. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த மில்லிகிராம் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். அந்த நீரில் கடல் உப்பைக் கரைத்தால், உப்பளவு சரியாகக் காட்டினாலும், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா முதலியவை உடன் வந்து முதல் மாதத்திலேயே பாசியைக் கிளப்பிவிடும்.

வீட்டில் குடிநீருக்கு ஆர்.ஓ. இருக்கிறதே என்று பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தலாம்; ஆனால் இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். அந்தக் கருவிகள் பலவற்றுக்குள் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சிறு திருகு இருக்கும். குடிநீரில் சுவை இருக்க வேண்டும் என்பதற்காக, சுத்திகரிக்காத நீரில் கொஞ்சத்தை அது கலந்து அனுப்பும். அதை முழுவதும் மூடிய பிறகே மீன் தொட்டிக்கு நீர் பிடிக்க வேண்டும். இரண்டாவது, உடலுக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த கருவிகள். இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு. அந்த நீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஆர்.ஓ. நீர் வெளிவரும் குழாயில் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக இணைத்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடல் உப்பைக் கரைப்பதே பாதுகாப்பான முறை. கடற்கரைக்குக் குடத்துடன் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் ஊரில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: பாக்டீரியாவுக்கு வீடு

கடல்நீர்த் தொட்டியின் உண்மையான ஃபில்டர், காட்சிக்காக வைத்ததுபோலத் தெரியும் பாறைதான். நுண்துளைகள் நிறைந்த பாறையின் மேற்பரப்பில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வாழும். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் பாக்டீரியா வாழும். செராமிக் வளையங்கள் முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவதை மிகக் குறைவாகவே செய்யும்.

பத்து லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பழகிய கணக்கு. நம் தொட்டிக்கு அது 15 முதல் 18 கிலோ வரை வரும்; கையில் எடுத்தால் எடை குறைவாகவும் துளைகள் மிகுந்தும் இருக்கும் பாறையானால் 12 கிலோ போதும். ஒரு துண்டின் மேல் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் வாங்கலாம். வழிந்து ஓடினால் அது வெறும் கல்.

எந்தப் பாறை என்பதில் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், திட்டுகளை உருவாக்கும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வந்தது, செத்த பவளம்தானே என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். செத்த பவளத்துக்கும் அதே சட்டம்தான். மீன் தொட்டிக்கென்றே செயற்கையாகச் செய்த உலர் பாறை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதில் பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் கூடுதலாக ஆகும். வேண்டாத புழுவும் நண்டும் உடன் வருவதில்லை என்பது அதற்கு ஈடு.

மூன்றாம் படி: பின்பக்க ஃபில்டரா, கேனிஸ்டரா, சம்ப்பா

தொட்டி விளிம்பில் தொங்கும் பின்பக்க ஃபில்டர் மலிவானது. நீர் அருவிபோல் விழுவதால் ஆக்சிஜனும் கலக்கும். நல்ல பாறையும், விளிம்பில் தொங்கும் வகை ஸ்கிம்மர் (கழிவை நுரையாக வெளியே எடுக்கும் கருவி; நான்காம் படியில் பார்ப்போம்) ஒன்றும் இருந்தால், இரண்டரை அடி வரையுள்ள தொட்டிகளை இதைக்கொண்டே நடத்தலாம். சரளைக்கு அடியில் வைக்கும் தட்டு ஃபில்டரைக் கடல்நீருக்கு மறந்துவிடலாம். அழுக்கு அடியில் சேர்ந்து அங்கேயே நைட்ரேட்டாகத் தேங்கும்.

கேனிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நன்னீரிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். மூடிய டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. ஒரு கோடை இரவில் எங்கள் தெருவின் டிரான்ஸ்பார்மர் பழுதாகி எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. ஓட்டம் நின்ற டப்பாவுக்குள் இருந்த பாக்டீரியா மிச்சமிருந்த ஆக்சிஜனை முடித்துவிட்டு மடிந்து அழுகத் தொடங்கியிருக்கிறது. விடிகாலையில் மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடி, அழுகிய முட்டை வாடையடிக்கும் நீரைத் தொட்டிக்குள் தள்ளியது. நான் எழுந்து வருவதற்குள் கோபி போய்விட்டது. தவறு கருவியினுடையது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஞ்சைக் கழுவ ஒத்துக்கொள்பவரும், மின்தடைக்குப் பிறகு டப்பாவில் நின்ற நீரைக் கொட்டிவிட்டே ஓடவிடுபவரும் கேனிஸ்டர் வைக்கலாம். மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

என் தேர்வு சம்ப். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டி அது; மேலிருந்து வழியும் நீர் அதற்குள் இறங்கி, அறை அறையாகக் கடந்து, பம்ப் மூலம் திரும்ப மேலே ஏறும். மொத்த நீரின் அளவு கூடுகிறது, ஸ்கிம்மரும் மற்றவையும் பார்வையிலிருந்து மறைகின்றன, மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் தானாக வழிந்து போகிறது. புதியவர்கள் இதற்கு அஞ்சுவது, மின்சாரம் நின்றால் தரை முழுவதும் தண்ணீர் ஆகுமோ என்பதற்காக. கணக்குப் போட்டுச் செய்தால் ஆகாது.

நம் தொட்டிக்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் உள்ள சம்ப் போதும். ஸ்கிம்மருக்குப் பெரும்பாலும் 20 செ.மீ. ஆழம் தேவைப்படுவதால், ஓடும் நிலையில் நீர்மட்டத்தை அங்கே வைக்கிறோம். அதாவது 36 லிட்டர். மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியில் வழிவாய்க்குக் கீழே உள்ள நீர் அப்படியே நிற்கும். அதற்கு மேலே உள்ளது மட்டுமே இறங்கும். மூன்று செ.மீ. இறங்குகிறது என்று வைத்தால் 90 x 45 x 3, ஏறத்தாழ 12 லிட்டர். குழாய்களில் நிற்பதையும் சேர்த்து 14 லிட்டர் என்று கொண்டாலும், சம்ப்பில் நீர் எட்டு செ.மீ. உயர்ந்து 28 செ.மீ.யில் நிற்கும். விளிம்புக்கு இன்னும் ஏழு செ.மீ. மீதம் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடியது நீரை மேலே கொண்டுவரும் குழாய். அதன் வாய் நீருக்கு அடியில் ஆழமாக இருந்தால், பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாகி நீரைக் கீழே இழுக்கும். வாயை மேற்பரப்புக்கு ஓரிரு செ.மீ. கீழே மட்டும் வைத்து, நீர்மட்டத்தை ஒட்டினாற்போல் குழாயில் சிறு துளை ஒன்று போடுங்கள். நீர் சற்று இறங்கியதும் துளை வழியே காற்றுப் புகுந்து இழுப்பு நின்றுவிடும். துளையில் பாசியும் உப்பும் அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுவது நல்லது. ஒருவழி வால்வு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஒரு சிறு நத்தை சிக்கினாலும் அது மூடாது.

நான்காம் படி: புரோட்டீன் ஸ்கிம்மர்

கடல்நீருக்கென்றே உரிய கருவி இது. கரைந்துள்ள கரிமக் கழிவுகளில் பலவற்றுக்கு ஒருமுனை நீரை விரும்பும், மறுமுனை நீரை வெறுக்கும். அதனால் அவை காற்றுக்குமிழியின் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் மிக நுண்ணியதாகவே நிற்பதால் ஒட்டும் பரப்பு மிகுதி. அவை நுரையாக ஏறி மேலே உள்ள கோப்பையில் வழிகின்றன. மற்ற ஃபில்டர்கள் கழிவைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுகவிடும்போது, ஸ்கிம்மர் அது அம்மோனியாவாக மாறும் முன்பே நீரைவிட்டு வெளியே எடுத்துவிடுகிறது. கூடவே அத்தனை குமிழிகளும் ஆக்சிஜனைக் கரைக்கின்றன.

பெட்டியில் "300 லிட்டர் வரை" என்று போட்டிருப்பதை மீன் மிகக் குறைவாக உள்ள தொட்டிக்கான எண்ணாக எடுத்துக்கொண்டு, உங்கள் நீரைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எழுதியிருப்பதை வாங்குங்கள். நான்கு மடங்கு வேண்டாம். கழிவு போதாமல் நுரை நிலைத்து நிற்காது. வாங்குமுன் அலமாரியின் உயரத்தை அளந்து செல்ல வேண்டும்: ஸ்கிம்மர் உள்ளே நின்றால் மட்டும் போதாது, கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற இன்னும் ஒரு சாண் இடம் வேண்டும். உள்ளே சுழன்று காற்றை நுண்குமிழிகளாக உடைக்கும் ஊசிச்சக்கர இம்பெல்லர் தனியாக உதிரியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஊரில் உதிரி கிடைக்காத கருவி எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் ஓராண்டுக்குப் பிறகு அது காட்சிப்பொருள்.

பொருத்திய முதல் வாரத்தில் ஒன்றும் வராமல் போகலாம், அல்லது வெறும் நீராகப் பொங்கி வழியலாம். புதிய பிளாஸ்டிக்கின் மேல் ஒரு படலம் படியும் வரை அது அப்படித்தான். தினமும் திருகைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். பழகிய பிறகு கோப்பையில் சேர்வது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் சரியான அளவு. வெளிறிய தேநீர்போல் நிறைய வந்தால் உப்பு நீரையும் சேர்த்து இழக்கிறீர்கள், ஸ்கிம்மருக்குள் இருக்கும் நீர்மட்டத்தைத் திருகால் சற்று இறக்குங்கள். கோப்பையின் கழுத்தில் படியும் பசையை மூன்று நாட்களுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் நுரை ஏறாது. வாடையைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

சம்ப்பின் கடைசி அறையில்தான் நீர் ஆவியாவதால் மட்டம் இறங்கும் என்பதால், ஸ்கிம்மரை மட்டம் மாறாத முதல் அறையில் வையுங்கள். கடைசி அறையில் பேனாவால் கோடு போட்டு, அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் உப்புக் கலக்காத ஆர்.ஓ. நீரை ஊற்றி நிரப்ப வேண்டும். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது.

ஐந்தாம் படி: பம்ப்பும் நீரோட்டமும்

சம்ப் வழியே மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை தொட்டி நீர் சுற்றினால் போதும். நமக்கு நான்கரை மடங்கு என்று கொண்டால் ஏறத்தாழ 700 லிட்டர். ஆனால் பெட்டியில் உள்ள எண் உயரமே இல்லாமல் தள்ளும்போது கிடைப்பது. மணிக்கு 2,000 லிட்டர், அதிகபட்ச உயரம் இரண்டு மீட்டர் என்று எழுதிய பம்ப், 1.3 மீட்டர் மேலே தள்ளும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தரும். நிறுவியபின் குழாய் வாயில் பத்து லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். 50 நொடியில் நிரம்பினால் மணிக்கு 720 லிட்டர். இதைவிட நம்பகமான மீட்டர் கிடையாது.

தொட்டிக்குள் தேவைப்படும் அலையை வேவ்மேக்கர் தனியாகத் தரட்டும். மீன் மட்டும் என்றால் மணிக்குப் பத்து மடங்கு ஓட்டம் போதும், ஆகவே 2,000 லிட்டர் அளவுள்ள ஒன்று. பவளம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதற்கு மேல். அதன் முகத்தை நீர்மட்டத்தை நோக்கிச் சாய்த்து மேற்பரப்பைக் கலங்கவைக்க வேண்டும். எந்தப் பம்ப்பிலும் நீரில் படும் பகுதியில் இரும்பு அச்சு இல்லாமல் செராமிக் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மின்வாட்டும் முக்கியம்: நீருக்குள் மூழ்கிய பம்ப் எடுக்கும் மின்சாரம் கடைசியில் அந்த நீரையே சூடாக்கும். மே மாதத்தில் 31 டிகிரியை ஒட்டி நிற்கும் தொட்டிக்கு, 40 வாட் பம்ப்புக்கும் 15 வாட் டி.சி. பம்ப்புக்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல.

ஆறாம் படி: பஞ்சும் கார்பனும், வாங்க வேண்டாதவையும்

நீர் இறங்கும் இடத்தில் 200 மைக்ரான் துணிப்பை ஒன்று கட்டினால் தூசி நின்றுவிடும். மூன்று நான்கு நாளில் மாற்றி, சோப்பு இல்லாமல் கழுவிக் காயவைக்க வேண்டும். கார்பன் நீரின் மஞ்சளையும் வாடையையும் எடுக்கும். நன்கு அலசி வலைப்பையில் இட்டு, மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். மருந்து போடும் நாட்களில் எடுத்துவிடுங்கள், இல்லையெனில் மருந்தையும் அது உறிஞ்சிவிடும். புற ஊதா விளக்கு, ஓசோன், பாஸ்பேட் ரியாக்டர், பாசி வளர்க்கும் தனி அறை ஆகியவை எல்லாம் பயனுள்ளவையே. முதல் ஆறு மாதங்களில் இவற்றுக்குச் செலவிடும் பணத்தை ஸ்கிம்மரிலும் சோதனைக் கருவிகளிலும் போடுவதே என் பரிந்துரை.

ஏழாம் படி: மின்சாரம்

உப்பு நீரும் மின்சாரமும் அடுத்தடுத்து இருப்பதால், தொட்டிக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறட்டும். வழியும் சொட்டு வளைவில் விழுந்துவிடும், பிளக்குக்குப் போகாது.

இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது வேவ்மேக்கர்; ஸ்கிம்மர் சில மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது, நீரோட்டம் நின்றால் மீன் மேற்பரப்பில் வந்து வாயைத் திறக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப்புகள் உறுமிச் சூடாகும். சைன் வேவ் வகைதான் ஏற்றது. இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில், பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்றேனும் தயாராக இருக்க வேண்டும்.

எட்டாம் படி: மீன் இல்லாமல் ஓட்டிப் பார்த்தல்

எல்லாவற்றையும் பொருத்தி முதலில் வெறும் நன்னீரில் ஒரு நாள் ஓட்டி, மெயின் சுவிட்சை மூன்று முறை அணைத்துப் போட்டு, சம்ப் நிரம்புகிறதா, பம்ப் மறுபடி தானாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு உப்பு நீர் நிரப்பி, உப்பு அடர்த்தி 1.025இல் நிற்கிறதா என்று ரெஃப்ராக்டோமீட்டரில் சரிபார்த்து, சுத்தமான அம்மோனியம் குளோரைடு ஏறக்குறைய ஒரு கிராம் இடுங்கள். 150 லிட்டரில் அது லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியாவைத் தரும். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் முதல் சில நாட்கள் ஸ்கிம்மரை நிறுத்திவையுங்கள். விளக்கு தேவையில்லை.

நான்கு முதல் ஆறு வாரங்களில், இட்ட அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாகும் நாள் வரும். கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நைட்ரைட் நன்னீரில் அளவுக்கு மீனைத் தாக்காது. இருந்தாலும் அது எஞ்சி நின்றால் இரண்டாம்வகைப் பாக்டீரியா இன்னும் போதவில்லை என்று பொருள். பூஜ்யம் வந்ததும் பாதி நீரை மாற்றிவிட்டு, இரண்டு க்ளவுன் மீன்களை மட்டும் விடுங்கள். தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள கடல் ஆராய்ச்சி நிலையங்கள் இவற்றைப் பொரிக்கவைத்திருக்கின்றன, அப்படி வளர்ந்தவை உலர்தீனிக்கு எளிதில் பழகும்.

அடுத்த மீனை விடுவதற்கு முன் நான்கு வாரம் காத்திருந்து, ஒவ்வொரு ஞாயிறும் நைட்ரேட்டை அளந்து தேதியுடன் எழுதி வாருங்கள். எண் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே நிலைத்து நின்றால் கருவிகள் அந்தச் சுமைக்குப் போதும், கோபியை விடலாம். வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால், கடைக்குப் போவதற்கு முன் துணிப்பையையும் ஸ்கிம்மரின் கழுத்தையும் ஒருமுறை பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தால் தீனியைப் பாதியாக்கி, இன்னும் இரண்டு ஞாயிறு அளந்த பிறகு மீதியை முடிவு செய்யுங்கள்.